மாங்காய்க்கு விற்ற பெயர்

என்னைவிடப் பெரிய முட்டாளை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தித்தால் அவனிடம் ஒன்று கேட்க வேண்டும்: நீயாவது உன் பெயரை விற்று மாங்காய் வாங்கித் தின்றிருக்கிறாயா? நான் தின்றிருக்கிறேன். கிளிமூக்கு மாங்காய். கத்தியால் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் அடைத்தது. ருசியாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் கழித்து அதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

விற்றது என் சொந்தப் பெயரை அல்ல. அதை யாரும் வாங்கமாட்டார்கள். என் சொந்தப் பெயர் கோவிந்தன். எங்கள் ஊர் புத்தூர். ரயில் ஏறினால் ரேணிகுண்டா, அதைத் தாண்டினால் திருப்பதி. அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கோவிந்தன்மேல்தான் விழவேண்டும். எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் இருந்தோம். முதல் கோவிந்தன் என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் தண்டவாளத்தைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காகப் போடப்படவில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். அவருடைய பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். அவரே வைத்தார் என்று சொல்வதுதான் சரி.

அதில் ஒரு சிக்கல். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பெயரைப் பேரனுக்கு வைத்தாலும் சட்டம் சட்டம்தான். ஆகவே என்னைப் பெற்ற அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "டேய்", "இந்தா", "பையா", கொஞ்சம் பிரியம் வந்தால் "நைனா". எங்கள் பக்கத்தில் அப்பாவும் நைனாதான், செல்லமாகக் கூப்பிட்டால் மகனும் நைனாதான். அம்மா வாசலில் நின்று "நைனா" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவில் கோலி ஆடுகிற பையன்கள் அத்தனை பேரும் திரும்புவார்கள். எவனுக்குச் சோறு என்பது முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா தனியாகப் போயிருக்கிறாள். பையன் பெயர் என்ன என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். அம்மா சுவரில் தொங்கிய சாமி காலண்டரைக் கைகாட்டி, "அந்த சாமி பேருதான் சார்" என்றாள். அவர் தெலுங்குக்காரர், ஏழுமலையானைப் பார்த்துவிட்டு நல்ல மனதோடு வெங்கடேசுலு என்று போட்டுக்கொண்டார். கொஞ்ச நாள் நான் வெங்கடேசுலுவாகவே படித்தேன். டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம், இப்படி ஒருவன் தினமும் வராமலே இருக்கிறானே, அவனுக்கு அடி விழாதா என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு நைனா போய் மாற்றினார்.

திருமலைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. வரிசையில் ஒட்டுமொத்தக் கூட்டமும் "கோவிந்தா, கோவிந்தா" என்று முழங்கும். அம்மா மட்டும் கைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு "ஆமா சாமி, ஆமா சாமி" என்பாள். தாத்தா அந்த முழக்கத்தைத் தனக்குச் சேர வேண்டிய மரியாதையாக எடுத்துக்கொண்டு லேசாகத் தலையை ஆட்டுவார்.

நைனாவுக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை. ரிசப்ஷனுக்குப் பின்னால், சாவிகள் மாட்டியிருக்கிற பலகைக்குக் கீழே நிற்க வேண்டும். முன்னால் நிற்பதற்கு இங்கிலீஷ் வேண்டும். அவருக்கு இந்தி கொஞ்சம் வந்தது, கன்னடம் வந்தது, இங்கிலீஷ் மட்டும் வரவில்லை. பிள்ளையாவது முன்னால் நிற்கட்டும் என்று, ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் என்னை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டார். வகுப்பு ஓர் உரக்கடையின் மாடியில் நடந்தது. யூரியா வாசனையில்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். செழிப்பாக வளர்ந்திருக்க வேண்டும்.

சார் இளைஞர். பெங்களூரில் ராத்திரியெல்லாம் கண்விழித்து அமெரிக்காக்காரர்களோடு போனில் பேசுகிற வேலையில் இருந்துவிட்டு, கண்ணுக்குக் கீழே கருப்போடு ஊர் திரும்பியவர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"படி ஏறும்போது செருப்பக் கீழ உடுறீங்க இல்ல, அதோட வீட்டுப் பேரையும் உட்டுட்டு வரணும். மேல வந்தா ஆளுக்கொரு இங்கிலீஷ் பேரு. அங்க எம் பேரு ஸ்டீவ். எம் பேர்ல பேசினா நாக்கு ஒட்டிக்கும். ஸ்டீவா ஆயிட்டா தடதடன்னு வரும். தப்பா பேசினாலும் பயம் இல்ல, அது ஸ்டீவ் பண்ண தப்பு, நமக்கின்னா?"

இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தப்பை இன்னொருவன் தலையில் கட்டுவதற்கு அதிகாரபூர்வமாக ஒருவரே வழி சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. சார் இன்னொன்றும் சொன்னார். பெயரை வீட்டில் கேட்டு வைத்துக்கொண்டு வரவேண்டும்; பள்ளிக்கூடம் திறக்கும்வரை வீட்டில் இருப்பவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அது வீட்டாருக்கு ஹோம்வொர்க்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். நைனா, ஜேம்ஸ் என்று வைக்கலாம் என்றார். லாட்ஜுக்கு வந்த ஒரு நல்ல மனிதரின் பெயராம். அத்தை, அதாவது நைனாவின் தங்கை, அப்போது கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தவள், டைகர் என்று வைக்கச் சொன்னாள். என்மேல் அவளுக்கு இருந்த மதிப்பு அவ்வளவு. தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எம் பேருக்கு இன்னாடா கொறச்சல்? வெள்ளக்காரன் கூட மலைக்கி வந்து எம் பேரத்தான் கத்திக்கினு போறான்."

அப்போது அடுப்பங்கரையிலிருந்து அம்மா பேசினாள். தாத்தா உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவள் வாய் திறப்பதில்லை. அன்றைக்கும் எங்கள் பக்கம் திரும்பாமல் அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"டேவிட்டுன்னு வெச்சிக்கட்டும்."

நைனா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். அத்தை நிரம்பிய டம்ளரிலேயே மேலும் மோர் ஊற்றினாள். அது வழிந்து தட்டுக்கு வந்தது. தாத்தா தண்ணீர் குடித்தார், பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கொல்லைப்புறம் போய்க் கை கழுவிக்கொண்டே, "அவ சொன்னதே இருக்கட்டும்" என்றார். அம்மா சொன்னதைத் தாத்தா சரி என்று ஒப்புக்கொண்டதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்பும் பார்க்கவில்லை.

அத்தனை பேரும் வாயடைத்துப் போனதை இங்கிலீஷுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு, அம்மா பங்கு அப்பளத்தையும் எடுத்துத் தின்றேன்.

மறுநாளிலிருந்து நான் டேவிட். வீட்டில் மற்ற மூன்று பேரும் ஹோம்வொர்க் செய்யவில்லை. தாத்தா எப்போதும்போலத் தன் பெயரைச் சொல்லியே என்னை அதட்டினார். நைனாவும் அத்தையும் அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அம்மா மட்டும் நல்ல மாணவி. முதல் நாள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் நாள் வீட்டுக்குள் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். அப்புறம் வாசலுக்கு வந்தாள்.

"டேவிட்டு. எங்கடா கீற? சோறு துன்ன வா, டேவிட்டு."

தெருவில் வேறு ஒரு பையனும் திரும்பவில்லை. எனக்கே எனக்கென்று வந்த முதல் அழைப்பு அது. எதிர்வீட்டு அம்மா வாசல் தெளித்துக்கொண்டே, "இன்னாக்கா, பையன் வேதக்கோயில்ல சேந்துட்டானா?" என்று கேட்டாள். "இல்லக்கா, இங்கிலீஷ்ல சேந்துகிறான்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு இப்படிப் பேச வரும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வேலை இருந்து கூப்பிட்டது கொஞ்சம். வேலை இல்லாமல் கூப்பிட்டதுதான் அதிகம். நான் ஆட்டத்தை விட்டு ஓடிவந்து மூச்சு வாங்க நின்று, "இன்னாமா?" என்பேன். "ஒண்ணுமில்ல, போ" என்பாள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, கூப்பிடவே தேவையில்லாத தூரத்தில் என் மண்டை அவள் கையில் இருக்கும்போது, மெதுவாக "டேவிட்டு" என்பாள். "இங்கதானமா கீறேன்" என்பேன். "தெரியும்" என்பாள். ஒருநாள் அத்தை இதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் நைனாவிடம் ஏதோ சொன்னாள். "கூப்டுக்கினு போவட்டும், உடு" என்று நைனா சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. டைகர் என்ற பெயர் தேறவில்லை என்று அத்தைக்குப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் என் வியாபார மூளை வேலை செய்யத் தொடங்கியது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவன் மாங்காய் மண்டிக்காரர் வீட்டுப் பையன். தெலுங்குக்காரன், தமிழும் நன்றாகப் பேசுவான். அவன் வீட்டில் பெயர் கேட்டு வராததால் சாரே ஒன்றைக் கொடுத்திருந்தார்: கிறிஸ்டோபர். அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. "மை நேம் ஈஸ்" வரைக்கும் ராஜா மாதிரி வந்துவிட்டு, அங்கே முட்டிக்கொண்டு நிற்பான். எனக்கோ அந்தப் பெயர்மேல் ஒரு கண். ரேணிகுண்டா ஜங்ஷனில் நிற்காமல் போகிற கூட்ஸ் வண்டி மாதிரி நீளமாக, சத்தமாக இருந்தது. என் டேவிட் தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. அதோடு, அம்மா தெருவில் இழுத்துக் கூப்பிடுவதைக் கேட்ட பையன்கள் அதே இழுவையில் "டேவிட்டூ, சோறு துன்ன வா" என்று கிண்டல் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

உரக்கடைப் படிக்கட்டில் பேரம் நடந்தது. பெயருக்குப் பெயர். அவன் அவசரத்தில் இருந்தான், அதனால் மேலே ஒரு மாங்காயும் கேட்டேன். பழைய சைக்கிளைக் கொடுத்துப் புது சைக்கிள் வாங்குகிறவன் மேலே காசு போடுவான். நான் புதுசையும் வாங்கிக்கொண்டு மாங்காயையும் வாங்கினேன். தாத்தாவின் வம்சத்தில் இப்படி ஒரு சாமர்த்தியசாலி பிறந்ததில்லை என்று எனக்கே தோன்றியது. இங்கிலீஷ்காரர்கள் மாதிரி கைகுலுக்கி "தேங்க்யூ" சொல்லிக்கொண்டோம். சாரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "யார் எந்தப் பேர்ல இருந்தா இன்னா, வாய தொறந்தா சரி" என்றார்.

சாயங்காலம் அம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள். விற்ற பொருளுக்குச் சொந்தம் கொண்டாடுவது நியாயம் இல்லை என்று கோலி ஆடிக்கொண்டே இருந்தேன். அவள் தெருவுக்கு இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"கூப்டுக்கினே கீறேன், காது கேக்கல?"

"அது நான் இல்லமா. டேவிட்டு இப்ப மாங்கா மண்டிக்காரர் பையன். நான் கிறிஸ்டோபர்."

அம்மாவுக்குப் புரியவில்லை. வியாபாரத்தை முழுசாக, மாங்காய் உட்பட, பெருமையோடு சொன்னேன். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

பெயரைக் கொடுக்க யாரையாவது கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் பதில் சொல்வதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டைப் பூட்டவில்லை, செருப்புப் போடவில்லை. அடுத்தவர் வீட்டுக்குப் போய் ஒரு பிடி காப்பித்தூள்கூடக் கேட்காதவள் அம்மா. விருந்தாளி வந்தாலும் சர்க்கரை இல்லை என்று மோர் கொடுத்து அனுப்புகிறவள். அவள் மண்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அந்தப் பையனின் அம்மா வெளியே வந்தாள். வாசலெல்லாம் வைக்கோல் பரப்பி மாங்காய் குவித்திருந்தது. "ரா அக்கா, உக்காரு. ஏன் வெறுங்கால்ல வந்த?" என்றாள்.

அம்மா உட்காரவில்லை. "எம் பையன் உங்க பையனுக்கு ஒரு பேரக் குடுத்துட்டான். அத திருப்பி வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்" என்றாள்.

எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது தெரியுமா. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை, யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். உள்ளே திரும்பி, "ஏய் டேவிட்டு, இங்க வா. உன் பேர கேக்கறாங்க" என்று மகனைக் கூப்பிட்டாள்.

"வரேன்மா" என்று குரல் வந்தது. பின்னாலேயே அவனும் வந்தான்.

அம்மா அப்போது உட்கார்ந்தாள். அந்தப் படியிலேயே, மாங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில்.

பையன் கறாராகப் பேசினான். "தர மாட்டேன். அவன் மாங்கா தின்னுட்டான் இல்ல? ஆன்ட்டி, முழு மாங்கா. கொட்டையக்கூட சப்பிட்டான்."

"வேற மாங்கா தரேன்டா. நாளைக்கி காலையில கொண்டாந்து தரேன்" என்றாள் அம்மா. மாங்காய் மண்டிக்காரர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாங்காய் தருகிறேன் என்கிறாள். "வேற எந்தப் பேரு வேணுமோ வெச்சிக்கோ கண்ணு. நல்ல பேரா நானே கேட்டு வந்து சொல்றேன். இது மட்டும் வேணாம்."

"ஏன், இதுல இன்னா கீது?"

அம்மா குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் எதுவும் இல்லை. வைக்கோலில் ஒரு குச்சியை எடுத்து, விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

"மொதல் பிள்ளையா அக்கா?"

எனக்கு இது தெரிந்த கேள்வி. வகுப்பில் கைதூக்குகிற பழக்கத்தில், "ஆமா ஆன்ட்டி, நான்தான் மொதல் பிள்ளை" என்றேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதால் கடைசிப் பிள்ளையும் நான்தான் என்று ஒரு ஹாஸ்யமும் சேர்த்தேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த அம்மாள் எழுந்து தன் மகன் தலையில் கைவைத்து, கொடுத்துவிடு என்று தெலுங்கில் சொன்னாள். "இச்செய்ரா." அவன் ஏதோ சொல்ல வந்தான். "இச்செய்" என்றாள் மறுபடி, இந்தத் தடவை வேறு குரலில்.

பெயரை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அவன் மூடிய கையை நீட்டினான், நான் உள்ளங்கையை விரித்தேன், அவன் அதில் எதையோ வைப்பதுபோல வைத்தான். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன். "அம்மாகிட்ட குடு" என்றான் அவன், வெறுப்போடு. நானும் அம்மாவிடம் கையை நீட்டினேன். விளையாட்டுக்குத்தான். அம்மா என் மூடிய கையை அப்படியே தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வீடுவரைக்கும் விடவில்லை.

மறுநாள் காலையில் அவள் நல்ல பங்கனபள்ளி மாம்பழங்களாகப் பார்த்து வாங்கி அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். நான் மறுபடி டேவிட் ஆனேன். சாயங்காலம் தெருவில் ஆடிக்கொண்டே காதை மட்டும் எங்கள் வாசலில் வைத்திருந்தேன். யார் கிண்டல் செய்தாலும் முதல் அழைப்பிலேயே ஓடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மா வாசலுக்கு வந்தாள்.

"நைனா, சோறு துன்ன வா."

பையன்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அதற்கு மறுநாளும் நைனாதான். அதற்கப்புறம் அம்மா அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது நான் வேண்டுமென்றே சும்மா உட்கார்ந்து பார்த்தேன். சீப்பு ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. "சார் கூப்பிடச் சொல்லிகிறார்மா, ஹோம்வொர்க்" என்று ஞாபகப்படுத்தினேன். "சரி, சரி" என்றாள். ஒருவேளை மாங்காய்க்குத் தண்டனை போலும் என்று நினைத்து, இனிமேல் மாங்காயே தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். அந்தச் சபதம் மறுநாள் மத்தியானம்வரை இருந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. உரக்கடை மாடியில் தேங்காய்நார் மூட்டைகளை அடுக்கினார்கள். சார் மறுபடி பெங்களூருக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்தது பெரியவனான பிறகு, தாத்தா காலமாகி, எனக்கு மகள் பிறந்து, அவளுக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கு. தொட்டில் கட்டிக்கொண்டிருந்த அத்தைதான் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருக்கிறான். மிஷன் ஆஸ்பத்திரியில். குறைமாதம். பிறந்ததிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தான். அம்மா கையில் கொடுக்கவே இல்லை. எங்கள் வழக்கப்படி பெயர் வைக்கிற நாள் வரும்வரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது. அங்கே நாகர்கோவில் பக்கத்து சிஸ்டர் ஒருத்தி, பெயர் இல்லாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று, டேவிட் என்று கூப்பிட்டிருக்கிறாள். "டேவிட் இன்னிக்கி பால் குடிச்சான், டேவிட் இன்னிக்கி காலை உதைச்சான்" என்று வந்து வந்து அம்மாவிடம் சொல்லுவாளாம். பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோவிந்தன் என்று தாத்தா எடுத்துவைத்திருந்த பெயர் அப்படியே மிச்சமாக இருந்து, எனக்கு வந்தது.

ஆக என்னுடைய இரண்டு பெயருமே இரவல்தான். ஒன்று தாத்தாவுடையது, ஒன்று அண்ணனுடையது. இதில் ஒன்றைத்தான் நான் மாங்காய்க்கு விற்றிருக்கிறேன். இரண்டு பிள்ளை பெற்றவள், இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வழியில்லாமல் இருந்திருக்கிறாள். ஒருவனுக்குப் பெயர் வைக்கவில்லை, ஒருவனுக்கு வைத்த பெயர் அவள் வாய்க்கு ஆகாது. நடுவில் யாரோ ஒரு ஸ்டீவ் வந்து ஒரு கோடைக்கு வழி திறந்துவிட்டிருக்கிறார். எனக்கு அப்போது இதெல்லாம் எங்கே தெரியும். அப்பளம் தெரியும்.

இப்போது நாங்கள் திருப்பதியில் இருக்கிறோம். நான் தினமும் ஸ்ரீசிட்டிக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். தொழிற்சாலையில் வெளிநாட்டு மேலாளர்களுக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. சுருக்கமாக ஏதாவது சொல்லு என்று கேட்டபோது டேவிட் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். முதல் எழுத்தை மட்டும் எடுத்து ஜி என்று கூப்பிடுகிறார்கள், நானும் போய் நிற்கிறேன்.

போன வாரம் என் மகளின் ஆன்லைன் இங்கிலீஷ் வகுப்பில், எல்லோரும் ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று திரையிலிருந்து மிஸ் சொல்லியிருக்கிறாள். என் மனைவிக்குக் கோபம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கற்றுக்கொடுக்க முடியாதவர்கள் என்ன வாத்தியார் என்றாள். மகளோ, எனக்கு எமிலிதான் வேண்டும் என்று அழுதாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் அனுபவசாலி என்ற முறையில் நான் உறுதியாக எதையும் சொல்லவில்லை. பெயர் மாறினால் கூச்சம் போகும் என்பதும் உண்மைதான், அம்மாவுக்கே போயிற்று. அது போகும்போது கூடவே என்னென்ன போகும் என்று எந்த மிஸ்ஸுக்கும் தெரியாது என்பதும் உண்மைதான்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். தாத்தா போய் இத்தனை வருஷம் ஆகியும் அவள் இன்னும் என் பெயரைச் சொல்வதில்லை. அத்தை சொன்னதைப் பற்றி நான் அவளிடம் பேசியதும் இல்லை. அன்றைக்கு ஏனோ பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு அவரைக்காயை எடுத்துப் பாழாக்கினேன். அவள் அதைப் பிடுங்கி வைத்தாள்.

"அம்மா, அந்த வருஷம் லீவுல டேவிட்டு டேவிட்டுன்னு கூப்டியே. அது என்னையா, அவனையா?"

அம்மா நிமிரவில்லை. நாரை உரித்துத் தட்டின் ஓரத்தில் போட்டாள்.

"கூப்ட்டா வந்து நின்னது நீதான."